எம்டன் கதையில் கட்டுமரம் எங்கே?

ராயபுரம் வாசகி:
முதல் உலகப் போரில் சென்னை மேல் குண்டு வீசிய ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனின் கதை இங்கே எல்லோருக்கும் தெரியும், நேரே விஷயத்துக்கு வருகிறேன். கிளை நூலகத்தில் பிள்ளைகளுக்கு அதை வைத்து எழுதிய சாகசக் கதையொன்றை வாசித்துக்கொண்டிருந்தேன். 1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி இருக்கும். இருட்டில் வந்த கப்பல் தேடுவிளக்கைப் போட்டு, பர்மா ஆயில் கம்பெனி டாங்குகள் மேல் குண்டு வீசுகிற கட்டம். முன்வரிசையில் இருந்த காசிமேட்டுப் பையன் கையைத் தூக்கினான்.

"அக்கா, அப்போ வலை போட்டவங்க யாரும் கடல்ல இல்லையா?"

புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். எம்டனின் கேப்டன் முல்லர் இருக்கிறார், தீப்பிடித்த டாங்குகள் இருக்கின்றன, ஒரு கட்டுமரம்கூட இல்லை. நாங்கள் வாசித்த அன்றைக்கு அவன் அப்பா தங்குகடல் போயிருந்தார், பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்க.

துறைமுகத்து வீட்டுப் பிள்ளை:
அதையெல்லாம் பெரிய குறையாகச் சொல்ல முடியாது. பிள்ளைகளுக்கு முதலில் கப்பல்தான் வேண்டும். எனக்கு உறுத்துவது வேறு. மகளுக்கு ஒரு கடாரப் படையெடுப்புக் கதை வாங்கிக் கொடுத்தேன். 1025இல் சோழ வீரன் தொலைநோக்கியில் எதிரியைப் பார்க்கிறான்! ஐரோப்பாவிலேயே அது 1608இல்தான் வந்தது. கப்பலைத் திருப்பச் சக்கரம் வேறு, அது 18ஆம் நூற்றாண்டுச் சங்கதி. மகள் அந்தப் படத்தையே கலர் பென்சிலில் வரைந்து சுவரில் ஒட்டியிருக்கிறாள். கழற்று என்று சொல்ல மனம் வரவில்லை.

தண்டையார்பேட்டை வாத்தியார்:
கட்டுமரம் வேண்டாம் என்பதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன். என் வகுப்பிலும் எம்டன் வாசித்தோம். மூன்று புகைபோக்கிக் கப்பலில் பொய்யாக நாலாவதை நிறுத்தி, ஆங்கிலேயக் கப்பல் மாதிரி மலேயாவின் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தார்களே, அந்த இடத்தில் வகுப்பே எழுந்து நின்றுவிட்டது. என் கதை அவ்வளவுதான்.

வாசகிக்கு ஒரு யோசனை. முதலில் பிள்ளைகளை அழைத்துப்போய் உயர்நீதிமன்ற மதிலில் இருக்கும் எம்டன் கல்வெட்டைக் காட்டுங்கள். அப்புறம் கரும்பலகையில் கரையை வரையுங்கள்: துறைமுகம், ராயபுரம், காசிமேடு. கப்பல் எங்கே நின்றிருக்கும், வலைக்காரர் எங்கே இருந்திருப்பார்கள் என்று அவர்களே குறிக்கட்டும். கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகளிடம் செப்டம்பரில் காற்று எப்படி இருக்கும் என்று கேளுங்கள், நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள். குண்டு வீச்சோடு நிறுத்திவிடாதீர்கள். நவம்பர் 9இல் கோகோஸ் தீவுப் பக்கம் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் அடிபட்டு, முல்லர் தன் கப்பலைத் தானே பாறையில் ஏற்றியதையும் சொல்லுங்கள். பிடித்த சரக்குக் கப்பல்களின் ஆட்களை அவர் பத்திரமாக அனுப்பிவைத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

துறைமுகத்து வீட்டுப் பிள்ளை:
சார், கட்டுமரம் வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? கப்பல் முதலில் என்றுதான் சொன்னேன்.