உப்பளக் குடும்பங்களுக்குக் கிறிஸ்துமஸ் பை: உங்கள் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். தூத்துக்குடியில் எங்கள் பங்கின் (கத்தோலிக்கக் கோவிலின்) வின்சென்ட் தே பால் சபை என்ற ஏழைகளுக்கு உதவும் அமைப்பின் சார்பில் இந்த வருடமும் கிறிஸ்துமஸுக்குச் சாமான் பை கொடுக்கப் போகிறோம். வாங்குபவர்களில் பெரும்பாலானோர் உப்பளத் தொழிலாளர்கள். வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் பாத்தியெல்லாம் தண்ணீர், வேலை கிடையாது. பண்டிகையும் சரியாக அந்த நேரத்தில்தான் வருகிறது. மழைக்கால நிவாரணமாக அரசு தரும் 5,000 ரூபாய் பெரிய ஆறுதல், ஆனால் பல வீடுகளில் அது மளிகைக்கடை பழைய பாக்கிக்கே போய்விடுகிறது.

பையில் 10 கிலோ அரிசி, பருப்பு, எண்ணெய், வெல்லம், பச்சரிசி மாவு இருக்கும். சுட்ட பலகாரமாகவே கொடுக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முறுக்கும் அதிரசமும் தன் வீட்டு அடுப்பில் வேக வேண்டும், பக்கத்து வீட்டுக்கும் ஒரு தட்டு போக வேண்டும் என்றுதான் எந்த அம்மாவும் நினைப்பார்.

மேடை, போட்டோ எதுவும் இல்லை. இருட்டிய பிறகு வீடு வீடாகப் போய்க் கொடுப்போம். மதம் பார்ப்பதில்லை.

இப்போது அவசரமாகத் தேவைப்படுவது பிள்ளைகளுக்குத் துணி. புதுத் துணி மட்டும், தயவுசெய்து. சின்னக் குழந்தைகளுக்கு நிறைய வந்துவிடும். 12 வயதுக்கு மேற்பட்ட பெண் பிள்ளைகளைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அப்புறம், மொத்த விலைக்கு அரிசி தரும் ஆலை யாருக்காவது தெரியுமா? டிசம்பர் 22 மாலை ஒரு குட்டியானை வண்டியும் வேண்டும், டீசல் நாங்கள் போட்டுக்கொள்கிறோம். முடிந்தவர்கள் இங்கேயே பதில் போடுங்கள்.