லங்காஸ்டரின் வால் கூண்டு: லண்டன் நண்பர்கள் உதவ முடியுமா?

வணக்கம். இரண்டாம் உலகப்போர்க் கால லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தை 1/32 அளவில் மாதிரியாகச் செய்துகொண்டிருக்கிறேன். ஏழு பேர் குழுவில் ஆறு பேரின் இருக்கைகள் பிடிபட்டுவிட்டன. வால்முனையிலுள்ள கண்ணாடிக் கூண்டில் தனியே உட்கார்ந்த துப்பாக்கி வீரர்தான் பாடாய்ப் படுத்துகிறார். நான்கு பிரௌனிங் துப்பாக்கிகளுக்கு நடுவே பாராசூட் வைக்கக்கூட அவருக்கு இடமில்லை. அது கூண்டுக் கதவுக்கு வெளியே, விமானத்தின் உடற்பகுதியில் இருந்தது. (எவன் யோசனையோ!) எந்தப் பக்கச் சுவரில், எந்த உயரத்தில்? பார்வை தெளியச் சிலர் முன்பக்கக் கண்ணாடித் தகட்டையே அகற்றிவிட்டு உறைகுளிரில் பறந்தார்கள். அகற்றிய பகுதி எவ்வளவு?

137 தாக்குதல்களுக்குச் சென்றுவந்த ஆர்5868 என்ற லங்காஸ்டர் விமானம் லண்டன் ஹெண்டன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் வால்பகுதியைக் கிட்டத்தில் இரண்டு படம் எடுத்து அனுப்பினால் பேருதவி. பழைய வரைபடம் இருந்தாலும் சரி.