விதையிலிருந்து வளர்த்த வெளிநாட்டுப் பூச்செடிகள்: மறக்க முடியாத ஒரு தருணம் (செடி வளர்ப்பவர்கள் இணையக் குழுவில் புனைபெயரில் பகிர்ந்தவை)

ஈரக்கை:
ஸ்ட்ரெலிட்சியா, பறவைத் தலை மாதிரிப் பூக்கும் செடி. இங்கே எல்லாருக்கும் தெரிந்த விதைதான், பட்டாணி அளவில் கறுப்பாக, தலையில் ஆரஞ்சு நிறக் குடுமியோடு இருக்கும். குடுமியைப் பிய்த்துவிட்டு, விதையின் மேலோட்டை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, இரண்டு நாள் ஊறவைத்து எட்டு விதை போட்டேன். ஒரு மாதம் ஓடியது. ஒன்றும் இல்லை. 41ஆம் நாள் பொறுமை போய்விட்டது. ஒரே ஒரு விதையைப் பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்று ஐஸ்கிரீம் குச்சியால் கிளறினேன். விதை வர மறுத்தது. மண்ணில் கலக்கும் வெள்ளைப் பொரிகல்லான பெர்லைட் கட்டியில் மாட்டியிருக்கிறது என்று நினைத்துக் கொஞ்சம் நெம்பினேன்.

'டிக்'. காதில் கேட்டதா, விரலில்தான் உணர்ந்தேனா, இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. கையில் விதை. அதன் அடியில் வெள்ளையாக, முறிந்த வேர். முறிந்த இடத்தில் ஒரு சொட்டு நீர். மீதி வேர் அரை விரல் நீளத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. மேலே எதுவும் தெரியாத அத்தனை நாளும் அது கீழே வேலை செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

மற்ற ஏழில் ஐந்து முளைத்தன. ஆனால் நினைவில் நிற்பது அந்த ஒன்றுதான்.

இரண்டிலை:
படிக்கும்போதே விரல் கூசியது. என்னுடையது அடினியம், பாலைவன ரோஜா என்பார்களே, அது. கருஞ்சிவப்பு அடுக்குப் பூச்செடி. மெல்லிய நைலான் இழையை வைத்து நானே மகரந்தம் மாற்றி, பலமுறை தோற்று, கடைசியில் ஒரே ஒரு ஜோடிக் காய் பிடித்தது. மாட்டுக்கொம்பு மாதிரி இரண்டு பக்கமும் விரிந்து நின்றது. முற்றும்போது நூல் கட்ட வேண்டும் என்று தெரியும். நாளைக்குக் கட்டலாம், நாளைக்குக் கட்டலாம் என்றே போய்விட்டது.

ஒரு சாயங்காலம் வந்து பார்க்கிறேன், காய் நெடுக வெடித்துக் காலியாகக் கிடக்கிறது. அந்த விதையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சின்னக் குச்சி மாதிரி இருக்கும், இரண்டு முனையிலும் பட்டுப் பஞ்சு. காற்றில் அத்தனையும் போய்விட்டது. சன்னல் மூலையில் சிலந்தி வலையில் ஒன்று மட்டும் மாட்டி, மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். ஐந்தாம் நாள் முளைத்தது.

அடுத்த மழையில் தாய்ச்செடி அடி அழுகிப் போய்விட்டது. இந்த ஒற்றைக் கன்று மூன்றாவது வருடம் பூத்தது. வெளிர் இளஞ்சிவப்பு, ஐந்தே இதழ். அம்மாவின் சாயல் கொஞ்சம்கூட இல்லை.

தொட்டிக்காரர்:
இரண்டிலை, அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. அடினியம் விதையிலிருந்து தாயின் நிறம் அப்படியே வருவது அரிது. நிறம் வேண்டும் என்றால் ஒட்டுக் கட்ட வேண்டும், பருத்த அடிமரம் வேண்டும் என்றால் விதை போட வேண்டும். பதியன் குச்சியில் அந்த அடிமரம் அவ்வளவு அழகாக வராது.

ஈரக்கை, நீங்கள் கிளறியதைவிடப் பெரிய தவறு தொட்டியைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கிறது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கோப்பையில், சுவரை ஒட்டி விதையைப் புதையுங்கள். வெளியே கறுப்புத் தாள் சுற்றுங்கள். பார்க்க வேண்டும் என்று கை அரித்தால் தாளை விலக்கி வேரைப் பார்த்துவிட்டுத் திரும்பச் சுற்றிவிடலாம். ஸ்ட்ரெலிட்சியாவுக்கு ஒரு மாதமும் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். சூடு 25 முதல் 30 டிகிரி இருக்கட்டும். பூவுக்கு இன்னும் நாலைந்து வருடமாவது காத்திருக்க வேண்டும்.

பொதுவாகவே சொல்கிறேன், எல்லா விதையையும் ஒரே மாதிரி நடத்தாதீர்கள். பெட்டூனியா, பிகோனியா, லிசியாந்தஸ் விதைகள் தூசி மாதிரி இருக்கும், வெளிச்சம் பட வேண்டும். மேலே மண் போட்டால் வராது. இமயமலை நீலப் பாப்பிக்குக் குளிர்ச்சி வேண்டும், விதையும் புதிதாக இருக்க வேண்டும். தென்னாப்பிரிக்கப் புதர்க்காட்டுச் செடிகள் பலவற்றின் விதைக்குத் தீப்பிடித்த காட்டின் புகை வாசனைதான் முளைக்கச் சொல்லும் சேதி. புகையில் இருக்கும் கரிக்கின் என்ற பொருள்தான் அதைச் செய்கிறது என்று 2004இல் கண்டுபிடித்தார்கள். புகை ஏற்றிய நீரில் ஊறவைத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் நாற்றழுகல், பூஞ்சையால் நாற்றின் அடி அழுகிச் சாய்வது. மூடியைத் திறக்காமல் வைப்பது, தினமும் மேலே தண்ணீர் தெளிப்பது, இரண்டுமே அதை வா வா என்று அழைப்பது போலத்தான். அடியிலிருந்து தண்ணீர் காட்டுங்கள். முளைத்ததும் காற்றோட்டம் கொடுங்கள்.

என் கதை? லிசியாந்தஸ், அறுபது நாற்று. ராத்திரி நின்றன, காலையில் படுத்துக் கிடந்தன. தண்டின் அடி தையல் நூல் மாதிரி மெலிந்திருந்தது. இலை மட்டும் இன்னும் பச்சை. அதுதான் தாங்க முடியவில்லை.

பூவம்மா:
தொட்டிக்காரர் அண்ணா, ஈரக்கை வேர் முறிந்ததைப் பற்றித்தான் சொன்னார், எப்படி வளர்ப்பது என்று கேட்கவில்லை. கோப்பை யோசனை நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த 'டிக்' என்ற இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போயிருக்கலாம்.

நான் வாங்கியது நீல ரோஜா விதை. உறையில் படம் அப்படி ஒரு நீலம். பெயர் தெரியாத ஒருவரிடம் இணையத்தில் வாங்கினேன். நாலே நாளில் அத்தனையும் முளைத்தது. ரோஜா விதை குளிரில் வாரக்கணக்கில் கிடந்துதான் முளைக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் அன்றைக்கே சந்தேகம் வந்திருக்கும். என் பெண்ணுக்கு அப்போது ஆறு வயது. தினமும் பள்ளி விட்டு வந்ததும் பையைக்கூட இறக்காமல் தொட்டியிடம் போவாள். "நீலம் வந்துச்சா?"

ஒரு நாள் மொட்டு வந்தது. மறுநாள் விரிந்தது. குண்டூசித் தலையளவு மஞ்சள் பூ. ஏதோ களை. அவள் குனிந்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இது நாளைக்கு நீலமா மாறிடுமாம்மா?"

பிறகுதான் தேடிப் படித்தேன். நீலத்துக்குத் தேவையான டெல்பினிடின் என்ற நிறமியை ரோஜாவால் உண்டாக்க முடியாது. ஜப்பானில் சன்டோரி நிறுவனம் வேறு செடியின் மரபணுவைப் புகுத்தி உருவாக்கிய ரோஜாவை 2004இல் அறிவித்து, 2009இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுவும் ஊதா கலந்த நிறம்தான். உறையில் வரும் நீல ரோஜா விதை என்று ஒன்று கிடையாது. அதே மாதிரி குரங்கு முக ஆர்க்கிட் விதை என்று விற்பதையும் வாங்காதீர்கள். குழந்தை இருக்கும் வீட்டில் சத்தியமாக வாங்காதீர்கள்.

சன்னலோரம்:
பூவம்மா சொன்னதில் ஒரு திருத்தம். குரங்கு முக ஆர்க்கிட் நிஜமான செடிதான். ஆனால் எந்த ஆர்க்கிட் விதையும் தொட்டி மண்ணில் தூவினால் வளராது. அதற்குள் உணவுச் சேமிப்பே கிடையாது, காட்டில் ஒரு பூஞ்சை அதற்கு ஊட்டுகிறது. பூஞ்சை இல்லாமலே சர்க்கரை சேர்த்த அகர் (கடற்பாசி) கூழில் வளர்க்கலாம் என்று லூயிஸ் நுட்சன் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் 1922இல் காட்டினார். அதை வீட்டில் செய்து பார்க்க ஆசைப்பட்டவன் நான்.

பெலனாப்சிஸ் என்ற ஆர்க்கிட்டின் காய். ஆறு பாட்டில் கூழைக் குக்கரில் அவித்து எடுத்தேன். பிளாஸ்டிக் பெட்டியில் கை நுழைக்க இரண்டு துளை போட்டு, உள்ளே எல்லாவற்றையும் துடைத்து, விதையை பிளீச்சில் கழுவி பாட்டில்களுக்குள் விட்டேன். சில வாரத்தில் நாலு பாட்டிலில் பூசணம். இரண்டு தப்பித்தன. கொஞ்சம் கொஞ்சமாகக் கூழ் மேல் பச்சைப் புள்ளிகள். கடுகைவிடச் சின்னது, ஆனால் பச்சை. பூதக்கண்ணாடியில் பார்த்தால் உருண்டையின் உச்சியில் இலை கூராகக் கிளம்புவது தெரியும்.

ஐந்தாவது மாதம் ஒரு பாட்டிலின் மூடி ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு இழை. திறந்தால் மொத்தமும் கெடும். திறக்காவிட்டாலும் கெடும். ராத்திரி ஒன்பது மணியிலிருந்து அதை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திறக்கவில்லை. நாலாம் நாள் பச்சை ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. திறந்து பாதியையாவது காப்பாற்றப் பார்த்திருக்கலாமோ என்று இப்போதும் தோன்றுகிறது. கடைசிப் பாட்டிலிலிருந்து ஒன்பது கன்று வெளியே வந்தது. இன்னும் பூக்கவில்லை.

ஈரக்கை:
பூவம்மா, நன்றி. முறிந்த விதையைத் திரும்பப் புதைத்து நாலு மாதம் தண்ணீர் விட்டேன். வரவில்லை. தொட்டிக்காரர் சொன்ன கோப்பையில் போன வாரம் மூன்று விதை போட்டிருக்கிறேன்.

இரண்டிலை:
என் வெளிர்ப்பூச் செடியில் இப்போது ஒரு ஜோடிக் காய் பிடித்திருக்கிறது. இன்றைக்கே நூல் கட்டிவிட்டேன். இறுக்கமாகக் கட்ட வேண்டுமா, தளர்வாகவா?

தொட்டிக்காரர்:
தளர்வாக. காய் இன்னும் பருக்கும். நாலைந்து இடத்தில் சுற்றுங்கள், ஒரே இடத்தில் கட்டினால் நடுவில் பிளந்து கொட்டிவிடும். வெடித்ததும் உடனே போடுங்கள், வைத்திருக்காதீர்கள்.