பில் எவன்ஸ், 25 ஜூன் 1961: முழுத் தொகுப்பு வேண்டுமா, பழைய இரண்டு தட்டுகளே போதுமா?

ஒற்றைப்படுக்கை:
ஜாஸ் பியானோ கலைஞர் பில் எவன்ஸின் மூவர் குழு நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டு கிளப்பில் வாசித்த அந்த ஞாயிற்றுக்கிழமைப் பதிவுகள் என்னிடம் இரண்டு குறுந்தகடுகளாக இருக்கின்றன. ஒன்று ‘சண்டே அட் த வில்லேஜ் வேன்கார்ட்’, மற்றது ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’. இப்போது 2005-இல் வந்த மூன்று தகட்டு முழுத் தொகுப்பு பழையதாக ஒன்று கிடைக்கிறது. விலை கொஞ்சம் கூடுதல். அதே பாட்டுகளுக்கு இன்னொரு முறை பணம் தர வேண்டுமா? பதிவிறக்கமே போதும் என்று ஒரு நண்பர் சொல்கிறார்.

ஊசிமுனை:
வேண்டாம். உங்களிடம் இருப்பதுதான் படைப்பு. மற்றதெல்லாம் பட்டறையின் தரையில் கிடந்த சீவல்கள். அன்று ஐந்து செட், அதாவது இடைவேளை விட்டு ஐந்து சுற்று, வாசித்தார்கள். பதினோரு நாள் கழித்து, ஜூலை 6-ஆம் தேதி, பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் வாசித்த ஸ்காட் லஃபாரோ கார் விபத்தில் இறந்தார். வயது 25. அதன் பிறகு எவன்ஸும் தயாரிப்பாளர் ஓரின் கீப்நியூஸும் ஒலிநாடாக்களைக் கேட்டு, லஃபாரோவின் கை எங்கெல்லாம் ஓங்கி நிற்கிறதோ அவற்றைத் தேர்ந்து முதல் தட்டைச் செய்தார்கள். அது ‘குளோரியாஸ் ஸ்டெப்’பில் தொடங்கி ‘ஜேட் விஷன்ஸ்’ஸில் முடிகிறது. இரண்டும் லஃபாரோ இயற்றியவை. யோசித்துக் கட்டிய அஞ்சலி அது. அதைப் பிரித்து 22 துண்டாக வரிசைப்படுத்தி விற்பதை நான் ஆராய்ச்சி என்று ஏற்கமாட்டேன்.

மூன்றாம்செட்:
ஊசிமுனை ஐயா சொன்ன காரணத்துக்காகத்தான் முழுத் தொகுப்பை வாங்க வேண்டும் என்பேன். பழைய தட்டில் லஃபாரோ இறந்துவிட்டார். முதல் ஸ்வரத்திலிருந்தே இறந்துவிட்டார். முழுத் தொகுப்பில் அவர் உயிரோடு இருக்கிறார். மதியம் இரண்டு செட், மாலையில் மூன்று என்று நடந்த வரிசையிலேயே கேட்கும்போது அது ஒரு சாதாரண ஞாயிறு. கோப்பைகள் மோதுகின்றன, யாரோ சிரிக்கிறார்கள், பாதிப் பேர் மேடையைக் கவனிப்பதாகவே தெரியவில்லை. பிற்காலத்தில் கோயிலாக்கப்பட்ட இசை அன்று அப்படித்தான் வாசிக்கப்பட்டது.

இன்னொன்று. அன்றைய முதல் பாட்டே ‘குளோரியாஸ் ஸ்டெப்’தான். நடுவில் மின்சாரம் தடைப்பட்டுப் பதிவு அறுந்து மீண்டும் வருகிறது. பழைய தட்டுக்கு அது உதவாது, சரி. ஆனால் குழு சூடாகும் விதத்தை அங்கேதான் கேட்கிறேன்.

ஊசிமுனை:
மின்தடையை ரசிக்க மூன்று தகடு வாங்க வேண்டியதில்லை. எங்கள் தெருவில் இலவசம்.

தடித்தந்தி:
நான் பாஸ் வாசிப்பவன். இந்தச் சண்டையில் எனக்குச் சுயநலம் உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

‘குளோரியாஸ் ஸ்டெப்’ வழக்கமான 32 அளவு (தாள ஆவர்த்தம்) கொண்ட பாட்டு அன்று. ஐந்து, ஐந்து, பத்து என்று இருபது அளவில் சுற்றுகிறது. அந்த ஐந்தில் புதிதாக வாசிப்பவனின் கால் இடறும். ஒரே நாளில் மூன்று முறை அதை லஃபாரோ கடந்து போவதைக் கேட்டால், அவருக்கு எது மனப்பாடம், எது அந்த நிமிடத்தில் பிறந்தது என்று பிரித்தறியலாம். ஒரு டேக்கை, அதாவது ஒரு முறை வாசித்த பதிவை, மட்டும் கேட்டவனுக்கு எல்லாமே அற்புதமாகத் தெரியும். அது மரியாதைதான், ஆனால் பாடம் ஆகாது. ‘ஆல் ஆஃப் யூ’வும் மூன்று முறை இருக்கிறது. எவன்ஸ் மெட்டை நேராகச் சொல்லாமல் சுற்றி வரும் விதம் ஒவ்வொரு முறையும் வேறு. லஃபாரோ எங்கே தாளத்தை விட்டுவிட்டுப் பியானோவுக்குப் பதில் சொல்லத் தொடங்குகிறார் என்பதும் மாறுகிறது. டிரம்ஸ் வாசித்த பால் மோஷன் அந்த இடங்களில் ஒதுங்கி வழிவிடுகிறார். அதைக் கவனிக்கவே எனக்கு வெகுகாலம் ஆனது.

ஊசிமுனை:
நீங்கள் கற்கிறீர்கள். நான் கேட்கிறேன். மாணவனுக்குத் தேவையானதை ரசிகனின் தலையில் ஏன் கட்ட வேண்டும்? டீன் பெனடெட்டி கதை தெரிந்திருக்கும். 1947-48-இல் சாக்ஸஃபோன் மேதை சார்லி பார்க்கர் வாசித்த கிளப்புகளுக்குப் பதிவுக் கருவியோடு போய், பார்க்கரின் தனி வாசிப்பை மட்டும் பதிந்துகொண்டு மற்றவர்கள் வாசிக்கும்போது நிறுத்திவிடுவார். 1990-இல் மொசைக் நிறுவனம் அதை ஏழு குறுந்தகடாக வெளியிட்டது. தலையும் இல்லை, வாலும் இல்லை. மேதையின் வாசிப்பு துண்டு துண்டாகக் கரகரப்பின் நடுவே வந்து போகிறது. முழுமை வெறி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

மூன்றாம்செட்:
அந்த ஏழு தகட்டையும் நான் வைத்திருக்கிறேன். தினமும் கேட்பதில்லை. அகராதியைத் தினமும் முதல் பக்கத்திலிருந்தா படிக்கிறோம்?

பார்க்கரிலேயே இன்னொரு சாட்சி தருகிறேன். 26 நவம்பர் 1945, சவாய் நிறுவனத்துக்காக ‘கோ கோ’ பதிவு. முதல் முயற்சியில் முகப்பு முடிந்ததும் ‘செரோக்கி’யின் மெட்டை அப்படியே வாசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். உடனே நிறுத்துகிறார்கள். பழைய பாட்டின் மெட்டு அப்படியே வந்தால் அதன் உரிமைக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கும் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அடுத்து வந்தது மூன்று நிமிடத்துக்கும் குறைவான, மெட்டைத் தூக்கி எறிந்துவிட்ட, அசுர வேக ‘கோ கோ’. பீபாப் என்ற புதிய ஜாஸ் பாணி எப்படி உருவாயிற்று என்று நூறு பக்கம் எழுதுவதை அந்த அறுந்த டேக் சில நொடியில் காட்டிவிடுகிறது. அதையும் சீவல் என்று பெருக்கித் தள்ளிவிடலாமா?

நம்மூரில் பழைய கச்சேரி ஒலிநாடாவில் சுருதி சேர்ப்பது, துக்கடா கேட்கும் குரல், வித்வான் கனைப்பது எல்லாம் இருந்தால் பொக்கிஷம் என்கிறோம். ஜாஸுக்கு மட்டும் கத்தரிக்கோல் எதற்கு?

ஊசிமுனை:
அந்த ஒப்பீடு நிற்காது. கச்சேரியில் ஒரே மாலையில் ஒரே கிருதியை மூன்று முறை பாடமாட்டார்கள். பாடினால் மூன்றாவது முறைக்குள் சபா கேன்டீன் நிரம்பிவிடும். வேன்கார்டில் ஒவ்வொரு செட்டுக்கும் ஆள் மாறுவார்கள் என்ற எண்ணத்தில் வாசித்தார்கள். ஐந்தையும் ஒரே மூச்சில் கேட்பதற்காக யாரும் வாசிக்கவில்லை.

‘கோ கோ’வை விட்டுத் தருகிறேன், அது விதிவிலக்கு. ஆனால் குறுந்தகடு வந்த புதிதில் மாற்று டேக்குகளை எங்கே வைத்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். மூலத்துக்கு அடுத்ததாகவே. ஒரு பாட்டு முடிந்து மௌனம் வருவதற்குள் அதே பாட்டு மறுபடியும். எத்தனை நல்ல தட்டுகளின் வரிசையை அப்படிக் கெடுத்தார்கள்!

தடித்தந்தி:
அதில் நான் ஐயா பக்கம். ஆனால் வேன்கார்டு முழுத் தொகுப்பில் அந்தக் குறை இல்லை. கடைசி செட்டின் முடிவில் ‘ஜேட் விஷன்ஸ்’ மட்டும் அடுத்தடுத்து இரண்டு முறை வருகிறது. அது தொகுத்தவர் செய்த வேலை இல்லை, குழுவே அப்படி வாசித்தது. ஒன்பது எண்ணிக்கையில் போகும் பாட்டு. பாஸில் இரண்டு தந்திகளைச் சேர்த்து மீட்டிக் கட்டியது. இரவு அந்த நேரத்துக்கு மேல் மறுபடியும் வாசிக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறதே, அதுவே எனக்குப் பெரிய செய்தி.

கோப்புறை:
எல்லாரும் அட்டைப்பெட்டிக்குச் சண்டை போடுகிறீர்கள். பதிவிறக்கத்தில் அதே 22 பகுதிகளும் கிடைக்கின்றன. 16 பிட் ஃப்ளாக் கோப்பு என்றால் தகட்டில் இருப்பது ஒரு துளி குறையாமல் வரும். சுங்கம் இல்லை, கூரியரில் மூலை நசுங்குவது இல்லை. பழைய இரண்டு தட்டின் வரிசையில் ஒரு பட்டியல், செட் வரிசையில் இன்னொன்று. ஐயாவுக்கும் ஆச்சு, மூன்றாம்செட்டுக்கும் ஆச்சு.

மூன்றாம்செட்:
கோப்பின் ஒலி பற்றி எனக்குப் புகார் இல்லை. அதோடு வரும் தகவல்தான் கொடுமை. 1961 பதிவுக்கு மறுவெளியீட்டு ஆண்டு போட்டிருப்பார்கள். மோஷன் பெயர் இருக்காது. எந்த டேக் எந்த செட்டில் என்று இருக்காது. தொகுப்பின் சிறு புத்தகத்தில்தான் இதெல்லாம் இருக்கிறது. சில கோப்புகளில் ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் கைதட்டலின் கழுத்தையே நெரித்துவிடுவார்கள்.

கோப்புறை:
தகவலை நாமே ஒரு முறை உட்கார்ந்து திருத்திக்கொள்ளலாம். நான் திருத்தினேன். இடைவெளியின்றி ஓடும்படி கருவியில் ஓர் அமைப்பும் இருக்கிறது.

ஒற்றைப்படுக்கை:
ஐரோப்பாவிலிருந்து மிக மலிவாக ‘எட்டு ஆல்பம், நான்கு தகடு’ என்று வருகின்றனவே, அவை?

மூன்றாம்செட்:
ஐரோப்பிய ஒன்றியம் ஒலிப்பதிவு உரிமையை 50 ஆண்டிலிருந்து 70 ஆக நீட்டியபோது, 1963-க்கு முன் வெளியானவை ஏற்கெனவே பொதுவுடைமை ஆகிவிட்டிருந்தன. அதனால் அங்கே அது சட்டப்படி சரி. ஆனால் மூல ஒலிநாடா அவர்களிடம் இருக்காது. வேறொருவர் உழைத்துச் சுத்தம் செய்த குறுந்தகட்டை நகலெடுப்பதுதான் பெரும்பாலும் நடப்பது. இந்தியாவில் வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். ஆகவே 1961-இல் வெளிவந்த தட்டும், பல காலம் கழித்து முதன்முறை வெளிவந்த மாற்று டேக்கும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல.

ஊசிமுனை:
மலிவுப் பெட்டியை நானும் எதிர்க்கிறேன். முதல் முறையாக மூன்றாம்செட்டோடு ஒரே பக்கம், தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம்செட்:
குறித்துக்கொண்டேன். ஆனால் “மூலத் தட்டே படைப்பு” என்பதை இன்னும் ஏற்கவில்லை. ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ தட்டை எடுங்கள். 2 மார்ச் 1959 அன்று பதிவான முதல் பக்கத்து மூன்று பாட்டுகளும் அன்றைய பதிவுக் கருவி சற்று மெதுவாக ஓடியதால் சுருதி தூக்கலாகவே தட்டில் ஏறின. முப்பதாண்டுக்கு மேல் உலகம் அந்தத் தவறான சுருதியைத்தான் கேட்டது. 1990-களில் மறுவெளியீட்டில் திருத்தினார்கள். உங்கள் அலமாரியில் உள்ள பழைய அச்சு படைப்பா, பிழையா?

ஊசிமுனை:
இரண்டும்தான். அந்தச் சுருதியில்தான் நான் அதைக் காதலித்தேன். திருத்தியது சரி என்று மூளை சொல்கிறது, காது இன்னும் கேட்கவில்லை. அதற்காகத் தொழில்நுட்பக் கோளாறைச் சரிசெய்வதையும் கலைஞன் ஒதுக்கியதை விற்பதையும் ஒன்றாக்காதீர்கள். முன்னதை எவனும் தேர்ந்தெடுக்கவில்லை. பின்னதை எவன்ஸ் உட்கார்ந்து கேட்டு, வேண்டாம் என்று வைத்தார்.

மூன்றாம்செட்:
நண்பனை இழந்தவர் அப்போது வைத்த தேர்வு அது. லஃபாரோவை முன்னிறுத்த வேண்டும் என்று தேடியவர், தான் நன்றாக வாசித்த இடங்களைத் தள்ளியிருக்கலாம் அல்லவா? முதல் ‘ஆல் ஆஃப் யூ’வைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

ஊசிமுனை:
கேட்டிருக்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது. தட்டில் உள்ள இரண்டாவது இன்னும் நன்றாக இருக்கிறது.

ஒற்றைப்படுக்கை:
பெட்டியை வாங்கிவிட்டேன். பேரம் பேசியதில் தபால் செலவை விற்பவரே ஏற்றுக்கொண்டார். மதிய செட் இரண்டும் முடிந்தன. பேச்சுச் சத்தம் நான் நினைத்ததைவிட அதிகம். மாலை செட்டுகளை நாளைக்கு வைத்திருக்கிறேன்.

ஊசிமுனை:
நல்லது. பழைய இரண்டு தகட்டையும் விற்பதாக இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.