'ஹைப்போரியிக்': அடியோட்டமா, பரலோட்டமா?

அன்புள்ள குழுவினருக்கு,

'ஹைப்போரியிக்' (hyporheic) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன வைக்கலாம் என்று கேட்டிருந்தேன். வந்த பதில்:

> 'அடியோட்டம்' என்றே வைத்துவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

வைத்துப் பார்த்தேன், இடிக்கிறது. கடலில் காலை வாரும் நீரும் அடியோட்டம், கதைக்குள் இழையோடும் கருத்தும் அடியோட்டம். எனக்கு வேண்டியது ஓடைப் படுகையில் கூழாங்கற்களின் இடுக்கில் புகுந்து, சற்றுத் தள்ளி மறுபடி மேலே வரும் நீருக்கு ஒரு பெயர். 1959இல் ருமேனிய ஆய்வாளர் ஒருவர் கிரேக்கத்தில் 'கீழ்', 'ஓட்டம்' இரண்டையும் ஒட்டி உருவாக்கிய சொல்தான் 'ஹைப்போரியிக்'. அப்படியே பெயர்த்தால் அடியோட்டம்தான் வரும். ஆனால் இந்த நீர் அடியிலேயே கிடப்பதில்லை.

நான் மொழிபெயர்ப்பது அமெரிக்காவில், கொலராடோ மலைகளில் உள்ள கிரெஸ்டட் பியூட் என்ற சிற்றூரின் ஓடையைப் பற்றி. கோல் கிரீக் என்று பெயர். ஊருக்குக் குடிநீர் அதிலிருந்துதான். நீர் எடுக்கும் இடத்துக்கு மேலே எல்க் கிரீக் வந்து சேர்கிறது. அதன் தலைமாட்டில் ஸ்டாண்டர்டு சுரங்கம்: வெள்ளி, ஈயம், துத்தநாகம் தோண்டிக் கைவிட்டது. 2005இல் அந்நாட்டு அரசின் 'சூப்பர்ஃபண்ட்' துப்புரவுப் பட்டியலில் ஏறியது. துத்தநாகமும் காட்மியமும் அங்கிருந்து கரைந்து இறங்குகின்றன.

எங்கிருந்து எவ்வளவு உலோகம் வருகிறது என்று அறிய, நீரில் கரைந்த அளவை ஓடையின் நீரளவால் பெருக்க வேண்டும். இடறல் இங்கேதான். பாறை நிறைந்த மலையோடையில் நீரின் வேகத்தை அளக்கும் வேகமானியை இறக்கினால், கற்களுக்கு மேலே ஓடுவது மட்டும் கணக்கில் வரும். அதனால் உப்புக் கரைசலைச் சீராகச் சொட்டவிட்டு, கீழே அது எவ்வளவு நீர்த்துப்போயிருக்கிறது என்று பார்க்கிறார்கள். நொடிக்கு 2 கிராம் உப்பு விட்டு, கீழே லிட்டருக்கு 20 மில்லிகிராம் கூடியிருந்தால், ஓடை நொடிக்கு 100 லிட்டர். வேகமானி 80 காட்டினால், மீதி 20 கல்லுக்குள் போகிறது என்று ஐயப்படலாம். அந்த 20 லிட்டருக்குத்தான் பெயர் கேட்கிறேன்!

என் பரிந்துரை: பரலோட்டம். பரல் என்றால் கூழாங்கல்.

~

அம்மா,

பொதுப்பணித் துறையில் இருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். பரலோட்டம் காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் பரலே உருண்டு ஓடுவதாகப் படிப்பார்கள். வெள்ளம் படுகைக் கல்லையும் மணலையும் உருட்டிப் போவதற்கு நாளை ஒரு சொல் வேண்டுமே, அதற்கு இதை விட்டுவைக்கலாம்.

பாலாற்றுப் பக்கம் ஊற்றுக்கால் வெட்டுவார்கள். மேலே ஆறு வறண்டு கிடக்கும், மணலில் வெட்டிய கால் வழியே வயலுக்கு நீர் போகும். நம்மவர்களுக்குப் பொருள் புதிதில்லை. 'ஊற்றோட்டம்' என்றால் என்ன?

~

ஐயா,

பரலோட்டத்தைத் திரும்பப் பெறுகிறேன். உருளும் கல் எனக்குத் தோன்றவே இல்லை.

ஊற்றோட்டத்தில் ஒரு குறை. ஊற்று என்றால் வெளியே வருவது. இந்த நீர் உள்ளேயும் போகிறது. சுரங்க விஷயத்தில் உள்ளே போவதுதான் முக்கியம், ஏனென்றால் கரைந்த மாங்கனீசு கல்லின் மேல் கருப்பாகப் படிவது பெரும்பாலும் அந்த இடுக்குகளில்தான். இன்னொரு நண்பர் தனி மடலில் 'அந்தர்வாகினி' என்றார். அழகுதான், ஆனால் முழு ஆறும் மறைந்துபோனது போலாகிவிடும்.

'ஊடோட்டம்' எப்படி? கல்லின் ஊடாக ஓடுவது. புகுதலும் வெளிவருதலும் இரண்டும் அடங்கும். முதல் முறை 'படுகை ஊடோட்டம்' என்று எழுதி, பிறகு சுருக்கிக்கொள்ளலாம். வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்:

"ஊர் நீர் எடுக்கும் இடத்துக்குக் கீழே கீஸ்டோன் என்ற இன்னொரு சுரங்கத்தின் சுத்திகரித்த நீர் ஓடையில் சேர்கிறது. கோடைக் கடைசியில், பனியுருகு நீர் வடிந்தபின், மேலே எடுக்கும் ஒவ்வொரு லிட்டரும் கீழே அதை நீர்க்கச் செய்யும் நீரைக் குறைக்கிறது. ஊடோட்டத்தை விட்டுவிட்டால் இந்தக் கணக்கு பிழையாகும்."

~

அம்மா,

ஊடோட்டம் சரி. மண்ணுக்குள் பக்கவாட்டில் நகரும் நீருக்கும் யாராவது இதையே வைத்திருக்கலாம், அதனால் சொற்பட்டியலில் 'படுகை' ஒட்டியே இருக்கட்டும். சுருக்கம் உரைநடைக்கு மட்டும்.

~

அப்படியே செய்கிறேன், ஐயா. அடுத்து 'அடிட்': மலைச்சரிவில் கிடையாகக் குடைந்து போகும் சுரங்க வழி, நீர் வழிவதும் அதன் வாயில்தான். கோலார் தங்கவயலில் வேலை பார்த்த குடும்பத்தார் குழுவில் இருந்தால், வீட்டில் பெரியவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். அகராதிச் சொல் வேண்டாம்.