கிரேட் ஈஸ்டர்ன் சுவருக்குள் எலும்புக்கூடு: நடக்கக்கூடிய காரியமா?

நடுச்சாமம்:
கிரேட் ஈஸ்டர்ன் நீராவிக்கப்பலைப் பற்றி எங்கே படித்தாலும் கடைசியில் அந்தப் பேய்க்கதை வந்துவிடுகிறது. லண்டன் மில்வாலில் கட்டும்போது ஒரு ரிவெட் (தகடுகளைச் சேர்த்து இறுக்கும் இரும்பு ஆணி) அடிப்பவரும் அவருடைய எடுபிடிப் பையனும் இரட்டைச் சுவருக்கு நடுவில் அடைபட்டுப் போனார்களாம். கப்பல் ஓடிய காலமெல்லாம் அடியிலிருந்து சுத்தியல் சத்தம் கேட்டதாம், மாலுமிகள் இரவில் கீழே இறங்கவே நடுங்கினார்களாம். கப்பலை உடைத்தபோது இரண்டு எலும்புக்கூடு கிடைத்ததாம். எனக்கு இரண்டு சந்தேகம். அந்தக் கட்டுமான முறையில் ஓர் ஆளை உள்ளே வைத்து மூட முடியுமா? சத்தம் உண்மை என்றால் அது எதன் சத்தம்? "பேய் எல்லாம் கிடையாது" என்று ஒற்றை வரியில் முடித்துவிடாதீர்கள். அது எனக்கும் தெரியும்.

தகட்டுவேலை:
முதல் கேள்விக்கு ரிவெட் அடிக்கும் முறையிலேயே பதில் இருக்கிறது.

கப்பலின் நீளம் 692 அடி. வெளிச்சுவர், உள்சுவர் இரண்டும் இரும்புத் தகடு, நடுவில் 2 அடி 10 அங்குல இடைவெளி. அந்த இடைவெளியை ஏறக்குறைய 6 அடிக்கு ஒரு நெடுந்தகடு வைத்து அறை அறையாகப் பிரித்திருந்தார்கள். மொத்தம் சுமார் 30,000 தகடு, 30 லட்சம் ரிவெட். தகட்டுக்கு நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள், அத்தனையும் கையால் அடித்தது.

ஒரு ரிவெட் அடிக்க ஒரு குழுவே வேண்டும். உலையில் ரிவெட்டைப் பழுக்கக் காய்ச்ச ஒரு பையன், அதைக் குறட்டில் கவ்விக்கொண்டு போய்க் கொடுக்க இன்னொரு பையன். உள்ளே இருப்பவர் அதைத் துளையில் செருகி, கனமான சம்மட்டியால் அதன் தலையை அழுத்திப் பிடித்துக்கொள்வார். வெளியே இரண்டு பேர் மாற்றி மாற்றி அடித்து நீட்டிக்கொண்டிருக்கும் முனையை மழுக்குவார்கள். சூடு ஆறுவதற்குள் முடிக்க வேண்டும். முடித்தபின் ரிவெட் ஆறிச் சுருங்கும்போதுதான் இரண்டு தகடும் இறுகும். ஆறிப்போனதை அடித்தால் துளை நிரம்பாது, நீர் கசியும். அளவுக்கு மீறிக் காய்ச்சினால் இரும்பு எரிந்து தலை நொறுங்கும். இரண்டிலும் வெட்டி எடுத்துவிட்டுப் புதிது அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. சரிபார்ப்பவர் சிறு சுத்தியலால் தட்டுவார், தளர்ந்திருந்தால் கையிலேயே அதிர்வு தெரிந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். உள்ளே பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல் ஒரு ரிவெட்டும் ஏறாது. கடைசித் தகட்டின் கடைசி ரிவெட்டுக்கும் உள்ளே ஒருவர் இருந்தாக வேண்டும், அவர் வெளியே வரவும் வேண்டும். அதனால் ஆள் நுழையும் துளை இல்லாத அறையைக் கட்டவே முடியாது. கதை சொல்பவர்கள் செங்கல் சுவர் எழுப்பி ஆளைப் புதைப்பதுபோல நினைத்துக்கொள்கிறார்கள். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்து செத்திருக்கலாமா? இருக்கலாம். ஆனால் வெளியே அடிக்கும் இரண்டு பேருக்கு எதிர்ப்பக்கப் பிடி விட்டுப்போனது அடுத்த அடியிலேயே தெரிந்திருக்கும்.

மெர்சிக்கரை:
உடைத்த கதையையும் சேர்த்துச் சொல்கிறேன். 1888இல் 16,000 பவுனுக்கு ஏலம் போனது. மறு ஆண்டு மெர்சி ஆற்றங்கரையில் நியூ ஃபெரியில் உடைக்கத் தொடங்கி ஒன்றரை ஆண்டு இழுத்தது. ரிவெட் அவ்வளவு பலம், கனமான இரும்புக்குண்டை உயரத்திலிருந்து போட்டுத்தான் தகர்த்தார்கள். அந்த ஊர்ச் சட்டப்படி மனித எலும்பு கிடைத்தால் மரண விசாரணை நடந்தாக வேண்டும், பத்திரிகைக்காரர்களும் விட்டிருக்க மாட்டார்கள். அப்படி ஒரு விசாரணைப் பதிவை யாரும் காட்டியதில்லை.

நடுச்சாமம்:
நன்றி ஐயா. அப்படியானால் 1859 முதல் 1889 வரை அந்த இடைவெளிக்குள் யாருமே போகவில்லையா?

தகட்டுவேலை:
போனார்கள். 1862 ஆகஸ்டில் நியூயார்க் அருகே மான்டாக் முனைக்கு வெளியே ஒரு பாறை வெளிச்சுவரை 83 அடி நீளத்துக்கும் 9 அடி அகலத்துக்கும் கிழித்தது. உள்சுவர் தாங்கியதால் கப்பல் தன் எஞ்சினிலேயே துறைமுகம் சேர்ந்தது. இவ்வளவு பெரிய கப்பலை ஏற்ற அங்கே உலர்துறை இல்லை. அடியில் ஒரு பெட்டியைப் பொருத்தி நீரை இறைத்துவிட்டு, அதற்குள் ஆள் இறங்கித் தகடு மாற்றினார்கள். சுத்தியல் சத்தத்தின் ஒரு வடிவமே இந்தப் பழுதுபார்ப்பைச் சுற்றித்தான் உலவுகிறது: வேலையாட்கள் தட்டும் ஓசை கேட்டு வேலையை நிறுத்தினார்கள், தேடிப் பார்த்தால் வெளியே நீருக்கடியில் தளர்ந்த ஒரு வளையம் கப்பலின் உடலில் மோதிக்கொண்டிருந்தது என்று.

ஆவிக்குழாய்:
கடலில் ஓடும்போது கேட்ட சத்தத்துக்கு வருகிறேன். முதலில் தாளத்தைப் பாருங்கள். இந்தக் கப்பலில் 56 அடிப் பக்கச் சக்கரம், பின்னால் நீரைத் தள்ளும் 24 அடி விசிறி என்று இரண்டு தனி எஞ்சின். சக்கரம் மெதுவாகச் சுற்றும், விசிறி அதைவிடப் பல மடங்கு வேகமாக. சத்தம் இரண்டில் ஒன்றின் சுற்றோடு ஒத்துப்போனால் காரணம் எஞ்சினில்.

அலையோடு ஒத்துப்போனால் கப்பலின் உடல். இவ்வளவு நீள உடல் அலைமேட்டில் நடுவில் வளையும், அலைப்பள்ளத்தில் எதிர்ப்பக்கம் வளையும். அப்போது தளர்ந்த ரிவெட்டும், அடியில் கிடக்கும் சங்கிலியும், அறைகளுக்குள் தேங்கிய நீரும் ஓசை எழுப்பும். வெற்று இரும்பறை மத்தளம் மாதிரி, எங்கிருந்து வருகிறதென்று காதுக்குப் பிடிபடாது.

தாளமே இல்லாமல் திடீரென்று 'டங் டங்' என்றால் நீராவிக் குழாயைச் சந்தேகப்படுங்கள். குழாய் ஆறும்போது ஆவி நீராகித் தாழ்ந்த வளைவில் தேங்கும். வடிகுழாயைத் திறக்காமல் ஆவியை விட்டால் அந்த நீர்க்கட்டி குழாய் வழியே பாய்ந்து அடுத்த வளைவில் மோதும். கேட்பவருக்கு அசல் சம்மட்டி அடிதான். சத்தத்தோடு போகாது, வால்வையே உடைத்துவிடும். வடித்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தால் சத்தம் இராது.

மெர்சிக்கரை:
கீழே இறங்க நடுங்கினார்கள் என்பதை மட்டும் நான் முழுக்கப் பொய் என்று சொல்ல மாட்டேன், நடுங்கக் காரணம் இருந்தது. 1857 நவம்பரில் முதல் தடவை நீரில் இறக்க முயன்றபோது சங்கிலி சுற்றும் சுழலியின் கைப்பிடி திரும்பி அடித்து ஆள் செத்தது. 1859 செப்டம்பர் 9 அன்று ஹேஸ்டிங்ஸ் அருகே முன் புகைபோக்கி வெடித்தது. பாய்லருக்குப் போகும் நீரைச் சூடாக்கப் புகைபோக்கியைச் சுற்றி ஒரு நீருறை வைத்திருந்தார்கள். அதன் மேற்குழாயிலிருந்த அடைப்பான் மூடிக் கிடந்தது, ஆவி போக வழியில்லை. கரி தள்ளுபவர்களில் குறைந்தது 5 பேர் வெந்து செத்தார்கள். ஒரு வாரத்துக்குள் கப்பலை வடிவமைத்த ப்ரூனெலும் இறந்தார்.

வெடித்த பிறகு அடுத்த புகைபோக்கியைப் போய்ப் பார்த்தார்கள். அதன் அடைப்பானும் மூடித்தான் இருந்தது.