கடிதத்தில் உள்ள திகதி

*ஆரையம்பதி வீட்டார் (குடும்பக் குழு உரையாடல்) – ஆகஸ்ட் 27*

மாமி: கண்ணனை ஆலைக்காரர் இன்னும் கூப்பிடவில்லை. சிறுபோக நெல் வந்ததும் திரும்ப வேலைக்கு எடுப்பதாக முதலாளி சொன்னாராம்.

ரூபி: சிறுபோக நெல் வீதியெல்லாம் காய்கிறதே மாமி! தம்பி, உன்னை வேலையிலிருந்து நிறுத்திய கடிதத்தில் என்ன திகதி?

கண்ணன்: மார்ச் 9, அக்கா.

ரூபி: ஐயோ. வேலை நீக்கத்தை எதிர்த்து முறையிடும் இடமான தொழில் நியாய சபைக்கு ஆறு மாதத்துக்குள் மனு போக வேண்டும். செப்டெம்பர் முதல் வாரத்தைத் தாண்ட விடாதே.

பெரிய மாமா: மூன்று மாதம் அல்லவா? என் நண்பனின் மனுவை அப்படித்தான் தள்ளினார்கள்.

ரூபி: அது பழைய கணக்கு மாமா. 2003இல் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தைத் திருத்தி ஆறு மாதம் ஆக்கிவிட்டார்கள்.

பெரிய மாமா: நான் ஓய்வு பெற்றதும் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள் 😄

மாமி: கடைசிச் சம்பளம் ஏப்ரலில்தானே கொடுத்தார்கள்? அதிலிருந்து எண்ணக் கூடாதா?

ரூபி: கூடாது மாமி. வேலை முடிவுறுத்தப்பட்ட நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். பாக்கிச் சம்பளம் எப்போது வந்தாலும் ஒன்றுதான். "கூப்பிடுகிறேன்" என்று வாயால் சொன்னதற்காகக் காலக்கெடு நின்று காத்திருக்காது. சில முதலாளிமார் அப்படிச் சொல்லியே ஆறு மாதத்தையும் கழித்துவிடுவார்கள். எனக்கு அதில்தான் கோபம்.

கண்ணன்: ஜூனில் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தேனே?

ரூபி: எதைப் பற்றி?

கண்ணன்: முதலாளி என் சேமலாப நிதியை (EPF) கட்டாததைப் பற்றி.

ரூபி: அது தன் பாட்டில் நடக்கட்டும். இதற்குத் தனி மனு வேண்டும். நிறுத்தியதற்குக் காரணம் எழுதியிருக்கிறார்களா?

கண்ணன்: "சேவை இனித் தேவையில்லை" என்று ஒரே வரி.

ரூபி: ஆலையில் எத்தனை பேர்?

கண்ணன்: முப்பதுக்கு மேல்.

ரூபி: அப்படியென்றால் கேள். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதற்கு அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இல்லையென்றால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி வேண்டும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் அப்படிச் சொல்கிறது. நீ எதிலாவது கையொப்பம் வைத்தாயா?

கண்ணன்: வெறும் தாளில் கேட்டார்கள். மறுத்துவிட்டேன்.

பெரிய மாமா: என் மருமகன் அல்லவா!

மாமி: சட்டத்தரணிக்குக் கொடுக்கக் கையில் காசு இல்லையே, பிள்ளை.

ரூபி: சட்ட உதவி ஆணைக்குழுவில் கேட்போம் மாமி. தம்பி, நியமனக் கடிதம், சம்பளச் சிட்டைகள், மார்ச் கடிதம் எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதி எடு. மூலப் பிரதியை யார் கேட்டாலும் கொடுக்காதே. நாளைக் காலை எட்டரைக்குச் சந்தியில் நில்.

கண்ணன்: முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரட்டுமா?

ரூபி: வேண்டாம்.

பெரிய மாமா: வேண்டாம்.

மாமி: வேண்டாம் மகன்.